ஏழு அறைப் பெட்டி

அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு என்று தெரிந்த அன்று வீட்டில் அதிகமாகக் கொதித்தவர் அப்பாதான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. உயரத்தில் கம்பிவடங்களுக்கு நடுவே நிற்கிறவருக்குத் தலை சுற்றக்கூடாது என்பதால் கம்பெனியே ஆண்டுதோறும் உடம்பைச் சோதித்துவிடும். இந்த முறை சோதித்ததோடு ஒரு மாத்திரை அட்டையையும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"தினமும் போடணுமாம். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, ஆயுசுக்கும்!" அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வீசினார். "மனுஷன் மாத்திரையை முழுங்கிட்டே வாழ முடியுமா? இதெல்லாம் ஒரு பொழப்பா?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள். சின்னவள் அக்காவைப் பார்த்தாள். மேசையின் மறுபக்கத்தில் பெரியவள் தன் நீலப் பெட்டியில் அன்றைய கிழமைக்கான மூடியைத் திறந்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, வாயில் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்த வாயை மூடவில்லை.

"நிறைய தண்ணி குடிங்கப்பா, தொண்டையில ஒட்டிக்கும்," என்றாள் பெரியவள். "முதல் மூணு வருஷம்தான் கஷ்டம். அப்புறம் பழகிடும்."

சிரித்த சிரிப்பில் சின்னவளுக்கு ரொட்டி புரையேறியது.

பெரியவளுக்குப் பதினாறு வயது. பதிமூன்று வயதில் ஒருமுறை அவள் நாள்கணக்கில் தூங்காமல் இருந்தாள். தூக்கம் வரவில்லை என்று அழவில்லை. தூக்கம் எதற்கு என்று கேட்டாள். பேச்சு நிற்கவில்லை, கால் நிற்கவில்லை. அப்பாவின் கருவிப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து வீட்டிலிருந்த எல்லாக் கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தாள். ஒரே குடும்பத்துக்குள் கதவு எதற்கு என்பது அவள் கட்சி. வேலை சுத்தமாக இருந்தது என்று அப்பா பிற்பாடு ஒத்துக்கொண்டார். ஒரு திருகாணிகூடத் தொலையவில்லை. எந்தக் கதவினுடையது என்று தனித்தனிக் கிண்ணங்களில் போட்டு வைத்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் அதே பெண் பல் துலக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கதவுகளைத் திரும்ப மாட்டினார்கள். குளியலறைக் கதவு மட்டும் இன்றுவரை சரியாகச் சாத்துவதில்லை.

மருத்துவமனையில் இருமுனைக் கோளாறு என்றார்கள். முதலில் கொடுத்த மருந்தில் வகுப்பிலேயே தூங்கி விழுந்தாள். அடுத்ததில் உடம்பு ஊதிச் சீருடை பத்தாமல் போனது. மறுபடி மருத்துவமனையில் சேர்த்தபோது மூன்றாவதாகக் கொடுத்த லித்தியம் ஒத்துக்கொண்டது. அதுவும் சும்மா வரவில்லை. ஓயாத தாகம், முகத்தில் பரு, விரல் நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் எல்லாம் கூடவே வந்தன. ரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தால் வேலை செய்யாது. சற்று ஏறினால் அதுவே நஞ்சு. ஆகவே அவ்வப்போது கையை நீட்டி ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும்.

நோய் படுத்துகிற நாளில் மருந்து சாப்பிடுவது எளிது. எல்லாம் நன்றாக இருக்கிற நாளில், தோழிகள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, தனியாக எழுந்து போய் அதே மாத்திரையை விழுங்கிவிட்டு வருவதுதான் கடினம். பெரியவள் அதைச் செய்தாள். தேநீர்க் கோப்பையைப் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருக்கப் பழகினாள். "அக்கா டீ கொண்டு வந்தா கோப்பையில பாதி, சட்டையில பாதி," என்று சின்னவள் கேலி செய்தால், "உனக்குச் சட்டையில இருக்கறதுதான்" என்று பதில் கொடுக்கவும் பழகினாள். ஒருமுறை மருத்துவரிடம் சொன்னாள்: "பறக்கணும்னு இப்பவும் சில நாள் ஆசையா இருக்கும் டாக்டர். ஆனா எங்க போய் விழுவேன்னு எனக்குத் தெரியும்."

அம்மா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்ப அரைத்துப் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் எதையும் இரண்டு முறை அளந்து பார்க்கிற கை. மகளின் மாத்திரைகளையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டாள். பூட்டிய அலமாரி, தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பது, விழுங்கிய பிறகு "ஆ காட்டு."

மகளுக்குப் பதினாறு பிறந்த நாளில் மருத்துவரின் யோசனைப்படி அந்த நீலப் பெட்டியை வாங்கிக் கொடுத்தாள். கிழமைக்கு ஒன்றாக ஏழு அறை. வாரா வாரம் பெரியவளே அடுக்கி, அவளே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பிறந்த நாளுக்கு வந்த கைப்பையைவிட அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் அவள் தோழிகளிடம் காட்டினாள்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு என்றால் எல்லோருக்கும். தூக்கம் ஒழுங்காக இருந்தால்தான் பெரியவளின் மனம் ஒழுங்காக இருக்கும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து வீடு முழுவதும் இரவு ஒன்பதரைக்கு விளக்கணைந்தது. அப்பா டிவியில் பார்த்துக்கொண்டிருந்த பந்தயம் பாதியில் அணைந்தது; முணுமுணுக்காமல் போய்ப் படுத்தார். ஒரு பிள்ளையை மட்டும் தனியாகத் தூங்க அனுப்பினால் அது தண்டனை, எல்லோரும் படுத்தால் அது வீட்டுப் பழக்கம் என்பது அம்மாவின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை.

எனவே அப்பாவுக்கு உப்பு ஆகாது என்றதும் அம்மா அதிகம் யோசிக்கவில்லை. உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தாள். ஊறுகாய், வறுவல், பொட்டலத் தீனி எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்ததால் மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான்.

"இது ஜெயில் சாப்பாடு," என்றாள் சின்னவள்.

"ஜெயில்ல உப்பு போடுவாங்க," என்றார் அப்பா.

விடுமுறை பாதி கழிந்தபோது பெரியவளின் கை நடுங்கிய விதம் மாறியது. முன்பு அது கவனித்துப் பார்த்தால் தெரிகிற நடுக்கம். இப்போது கரண்டி தட்டில் பட்டுச் சத்தம் போட்டது. வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளினாள். ஒரு காலை மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றே ரத்தம் கொடுத்தார்கள். அளவு ஏறியிருந்தது.

மருத்துவர் அவசரப்படாதவர். ஒவ்வொன்றாகக் கேட்டார். காய்ச்சல் வந்ததா? தண்ணீர் குடிப்பது குறைந்ததா? வேறு வலி மாத்திரை ஏதாவது?

"இல்ல டாக்டர்," என்றாள் அம்மா ஒவ்வொன்றுக்கும்.

"சாப்பாட்டுல ஏதாவது மாற்றம்? எடையைக் குறைக்கிறேன்னு பட்டினி, அந்த மாதிரி?"

"அதெல்லாம் இல்ல. இவளுக்குன்னு எதையும் மாத்தல. வெளியில எதுவும் வாங்கறதே கிடையாது. சுத்தமான வீட்டுச் சாப்பாடு."

அம்மா பொய் சொல்லவில்லை. உப்பு அவள் மனத்தில் அப்பாவின் வியாதிக்குக் கீழே இருந்தது. மகளின் வியாதியோடு அவள் அதைச் சேர்த்தே பார்க்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவளுக்கும் அது தோன்றவில்லை.

மருத்துவர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பெரியவளிடம் தனியாகக் கேட்டார். "மறந்துபோய் ரெண்டு தடவை போட்டிருக்கியா? இல்ல, வேணும்னே?"

"இல்ல டாக்டர்."

"உன்ன நம்பலன்னு இல்ல. நம்பினாலும் கேக்கணும். காரணம் தெரியாம இப்படி ஏறிட்டே இருந்தா இந்த மருந்தைத் தொடர முடியாது. வேற பார்க்கணும்."

பெரியவள் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். வேறு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். வகுப்பில் மேசையில் கவிழ்ந்து கிடப்பது. அல்லது மறுபடியும் கதவுகள்.

மாத்திரையைச் சில நாள் நிறுத்தி, நடுக்கம் அடங்கிய பின் குறைந்த அளவில் தொடரச் சொன்னார். வீடு திரும்பியதும் அம்மா கையை நீட்டினாள். பெரியவள் நீலப் பெட்டியை எடுத்து வந்து கொடுத்தாள். அலமாரி பூட்டப்படும் சத்தம் கேட்டது.

அவள் கத்தியிருக்கலாம். எந்தப் பதினாறு வயதுப் பெண்ணும் கத்தியிருப்பாள். ஆனால் மற்ற பெண்களின் கோபம் கோபம். அவளுடைய கோபம் அறிகுறி ஆகிவிடும். அதனால் தன் அறைக்குப் போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"நீ நிஜமாவே கூடப் போடலதானே?" என்று சின்னவள் கதவிடுக்கில் கேட்டாள்.

"போடலடி."

"சரி. எனக்குத் தெரியும். சும்மா கேட்டேன்."

"எல்லாரும் சும்மாதான் கேக்கறீங்க."

மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். அம்மா கொடுத்தாள், அம்மா பார்த்தாள், "ஆ காட்டு." ஒரு வாரம் போல நன்றாக இருந்தது. பிறகு கரண்டி மீண்டும் தட்டில் தாளம் போடத் தொடங்கியது.

இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை என்று பெரியவள் நினைத்தாள். சாவி அம்மாவிடம், மாத்திரை அம்மாவிடம். நான் எப்படிக் கூடப் போட முடியும்? அம்மா வேறு விதமாக நினைத்தாள்.

அன்று மதியம் பெரியவள் மாடியில் உலர்ந்த துணிகளை எடுத்து வந்தபோது அவள் மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. அம்மா தரையில் உட்கார்ந்து தலையணை உறையை உட்புறம் வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மகளின் காலணிகள், கைவிட்டுத் துழாவியதில் நாக்கு வெளியே துருத்தியபடி.

"எங்க வச்சிருக்க?" என்றாள் அம்மா. குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. "திட்ட மாட்டேன். சொல்லிடு. எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

பெரியவள் துணிகளை நாற்காலியில் வைத்தாள். மெத்தையின் மறுமுனைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள்.

"இந்தப் பக்கம் தையல் பிரிஞ்சிருக்கும்மா. இங்கயும் பார்த்துடு. அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து போட்டுடலாம். உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

அம்மா பார்த்தாள். நிஜமாகவே பிரிந்த தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பஞ்சு மட்டும் இருந்தது. இருவரும் மெத்தையைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். மகளின் முனை நடுங்கியது மெத்தை வழியாக அம்மாவின் கைக்கு வந்தது.

மறுநாள் மதியம் சித்தி வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். யாரிடம் பேசினாலும் பிரேக் போடச் சொல்கிற குரல்தான். சூப்பில் ஒரு வாய் வைத்தாள்.

"அக்கா! இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"அவருக்கு பிரஷர். உப்பு ஆகாது."

"மாமாவுக்கு ஆகாது, சரி. நான் என்ன பாவம் பண்ணேன்? உப்பை எடு."

"வீட்ல உப்பே இல்ல."

"உப்பு இல்லாத வீடா?"

"ஒருத்தருக்குன்னா எல்லாருக்கும். எங்க வீட்டுல அப்படித்தான்."

"மாமா, இதுக்கு நீங்க பிரஷரோடவே இருந்திருக்கலாம்," என்றாள் சித்தி.

"நானும் அதைத்தான் சொல்றேன், யாரு கேக்கறா?" என்றார் அப்பா.

"லீவு விட்டதுலேருந்து நாங்க எல்லாருமே பேஷன்ட்தான் சித்தி," என்றாள் சின்னவள். "ஸ்கூல் இருந்தாலாவது கான்டீன்ல உப்பு உறைப்பா ஏதாவது கிடைச்சிருக்கும்."

பெரியவளின் கரண்டி பாதி வழியில் நின்றது.

மருத்துவமனைப் படுக்கை. அரைத் தூக்கம். லித்தியம் தொடங்கிய நாளில் மருத்துவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது. தண்ணீரும் உப்பும் எப்போதும் போல இருக்க வேண்டும், திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உப்பு குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அம்மாவும் அங்கேதான் இருந்தாள். பல நாள் தூங்காத கண்களோடு மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

பெரியவள் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் அந்தக் கணமே அவள் குற்றமற்றவள். ஆனால் சித்தியின் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் எல்லா உறவுக்கும் போய்விடும். பெற்ற தாயே மகளுக்கு மருந்தை நஞ்சாக்கினாள் என்று அது ஊர் சுற்றும். அவள் சூப்பைத் தொடவில்லை. தண்ணீரைக் குடித்தாள். சித்தியை வாசல் வரை போய் வழியனுப்பினாள். கதவு சாத்தியதும் திரும்பினாள்.

"அம்மா, டாக்டருக்கு இப்பவே ஒரு போன் போடணும். நீயும் பக்கத்துல இரு."

ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

"டாக்டர், அன்னைக்குச் சாப்பாடு மாறியிருக்கான்னு கேட்டீங்க. எனக்குன்னு மாறல. வீட்டுக்கே மாறியிருக்கு. அப்பாவுக்காக உப்பைச் சுத்தமா நிறுத்திட்டோம். எனக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

நிறுத்திட்டோம் என்றாள். யார் நிறுத்தியது என்று சொல்லவில்லை.

மறுமுனையில் மருத்துவர் மூச்சு விடுவது கேட்டது. "கண்டுபிடிச்சது யாரு?"

"நான்தான்."

"நல்லா பிடிச்ச. உப்புன்னு பேர் சொல்லி நான் கேட்டிருக்கணும். சாப்பாடுன்னு பொதுவா கேட்டேன், என் தப்பு. இன்னைக்கு மாத்திரை வேணாம். உடனே வந்து ரத்தம் குடு. வாந்தி, தடுமாற்றம் அதிகமானா நேரா எமர்ஜென்சி. அம்மா இருக்காங்களா? அம்மா, பழையபடி சாதாரணமா உப்பு போட்டுச் சமைங்க. பயந்துபோய் அள்ளிக் கொட்டிடாதீங்க, அப்புறம் அளவு ஒரேயடியா இறங்கிடும்."

அம்மா "சரி" என்றாள். போனை வைத்த பிறகும் மேசையைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் பண்ணினதா?"

"வாம்மா, போற வழியில பேசலாம். லேப் சாத்திடுவாங்க."

"மெத்தையெல்லாம் தூக்கிப் பார்த்தேனேடி..."

"பார்த்த. ஒண்ணும் கிடைக்கலல்ல?" பெரியவள் அம்மாவின் செருப்பை எடுத்து அவள் காலடியில் போட்டாள். "எனக்காக எல்லாரையும் ஒன்பதரைக்குப் படுக்க வச்சப்போ இருந்த அதே அம்மாதானே? அன்னைக்கு அது எனக்கு மருந்து. இன்னைக்கு ஒத்துக்கல. அவ்வளவுதான். வா."

படியிறங்கும்போது அம்மா மகளின் கையைப் பிடித்தாள். யார் கை நடுங்கியது என்று அப்பாவால் மேலேயிருந்து பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அளவு மெல்ல இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் வந்து நின்றது. அடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. மருந்தை மாற்ற வேண்டியதில்லை என்றார் மருத்துவர். அம்மாவைப் பார்த்து அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. பெரியவளைப் பார்த்து மட்டும், "படிச்சு முடிச்சதும் என் இடத்துக்கு வந்துடு," என்றார்.

"உங்க கையெழுத்தே என் கையெழுத்தைவிட மோசம் டாக்டர். பொருத்தமாத்தான் இருக்கும்," என்றாள் அவள்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் அடுப்பில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. அந்த வீட்டில் அது புதிது. ஒன்றில் உப்புப் போட்டது, மற்றதில் அப்பாவுக்கு. இரண்டையும் கிளறுவதற்குத் தனித்தனிக் கரண்டி. அம்மா ஒவ்வொன்றையும் இரண்டு முறை ருசி பார்த்தாள். ஒருவருக்கு என்றால் எல்லோருக்கும் என்கிற சட்டத்தை அவள் அன்றைக்குத்தான் தன் கையால் உடைத்தாள், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

மேசைக்கு வரும்போது அலமாரியைத் திறந்து நீலப் பெட்டியை எடுத்து வந்து பெரியவளின் தட்டருகே வைத்தாள். ஏழு அறைகளும் காலியாக இருந்தன. பக்கத்தில் பிரிக்காத அட்டைகள்.

"நீயே அடுக்கு," என்றாள். பிறகு, "சாவி இங்கதான் இனிமே தொங்கும்," என்று சுவரில் உப்பு ஜாடிக்கு மேலே இருந்த ஆணியைக் காட்டினாள்.

பெரியவள் அட்டையைப் பிரித்து அடுக்கத் தொடங்கினாள். விரல்களில் பழைய மெல்லிய நடுக்கம் இருந்தது. ஒரு மாத்திரை விளிம்பில் பட்டு உருண்டது. சின்னவள் கையை நீட்டினாள், பிறகு தானே இழுத்துக்கொண்டாள். பெரியவள் அதை எடுத்து உரிய அறையில் போட்டு மூடினாள். அன்றைய கிழமையைத் திறந்தாள். விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள்.

அம்மாவின் வாய் பழக்கத்தில் திறந்தது. "போட்..." என்று தொடங்கி நின்றது. அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். போட்டீங்களா?"

"எதை?" என்றார் அப்பா.

"பாருக்கா, எதைன்னு கேக்கறார்!" என்றாள் சின்னவள். "அவர் அட்டையில முந்தாநாளுதுகூட அப்படியே இருக்கு. நான் பார்த்தேன்."

"மறந்துட்டேன்டி. மனுஷனுக்கு ஆயிரம் வேலை."

"ஆ காட்ட வைக்கணும் போல," என்றாள் அம்மா.

அப்பா எழுந்து அட்டையைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதை மேசையில் வீசவில்லை. பெரியவளுக்கு எதிரே உட்கார்ந்து, அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இந்தப் பெட்டி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். "நீலம் வேணாம். உன்னுதோட மாறிடும்."